மொறிஸ் மைனரும் தண்ணீர்ப் பம்பும்

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மொறிஸ் மைனர் கார்கள் அரை நூற்றாண்டைக் கடந்தும் ஓடியமைக்கு அவற்றின் எளிய அமைப்பே முதற் காரணமாகும்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் பிரித்தானியாவில் அறிமுகமானது. தொடக்ககால இயந்திரத்தில் தண்ணீர்ப் பம்பே இருக்கவில்லை. சூடேறிய நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியே அதனைக் குளிர்வித்தது. 1952இல் வந்த 803 சிசி இயந்திரத்தில் பம்ப் இருந்தது.

அதனை வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாம். நீரை வடித்து, றேடியேற்றர், விசிறி, பெல்ற் ஆகியவற்றை அகற்றி, நான்கு போல்ற்றுகளைக் கழற்றினால் பம்ப் கையோடு வந்துவிடும். சிலிண்டர் தலையுடன் அதனை இணைக்கும் சிறிய இறப்பர்க் குழாயே பொறுமையைச் சோதிக்கும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் கிடைக்கவில்லை. சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியை ஏற்றிச்செல்லும் வாடகைக் காரின் பம்ப் ஒழுகினால் அது சிறு விடயமன்று. நீர் வற்றினால் சிலிண்டர் தலை கோணிவிடும். பின்னர் வாகனமே இல்லை. ஆகவே பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் ஈரம் தெரிந்தவுடனேயே பழுதுபார்க்க வேண்டியிருந்தது. புதியது கிடைக்காவிடில் பழையதன் பெயரிங்கையும் சீலையும் மாற்றி, தடித்த காகிதத்தில் காஸ்கற் வெட்டிப் பூட்டுவதே வழி.

முற்றுகைக் காலத்தின் வரலாற்றை எழுதுவோர் போர்முனைகளையே பெரிதும் பேசுகின்றனர். எண்ணெய் படிந்த அக்கைகளுக்கும் அதில் ஓரிடம் உண்டு.