கடல் கடந்து வந்த மருமகள்

கொரிய வரலாற்றில் அயலார் மணம்

தாயகத்தை விட்டுப் பிரிந்து வேற்று மொழியினர் நடுவே வாழும் நம் குடும்பங்களில் ஒரு நாள் வந்தே தீருகின்றது. வளர்ந்த மகனோ மகளோ பிறமொழியினர் ஒருவரை வீட்டிற்கு அழைத்து வந்து, ‘இவரையே மணக்க விரும்புகிறேன்’ என்று சொல்லும் நாள் அது. பிறக்கப் போகும் பேரக் குழந்தை எம்மொழியில் மழலை பேசும், எவ்வூரைத் தன் ஊர் என்று சொல்லும், எவர் பெயரைத் தாங்கி நிற்கும் என்னும் கவலை அன்று பெற்றோர் உள்ளத்தைப் பற்றுகின்றது. வாயிலில் நிற்கும் அப்பிள்ளையை வரவேற்பதா, வாளா இருப்பதா என்று கைகள் தயங்குகின்றன.

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. தன் மக்கள் அனைவரும் ஒரே குருதியினர் என்று நெடிது பெருமை பேசிய நாடு கொரியா. அந்நாட்டின் வரலாற்றைப் புரட்டினால், அரண்மனை முதல் உழவர் குடில் வரை அயலார் மணங்கள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. அவற்றுள் சிலவற்றை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

செந்நிறப் பாய்க் கப்பல்

கொரியாவின் தென்கோடியில் கிம்ஹே என்றோர் ஊர் உண்டு. பண்டைக் காயா அரசின் தலைநகர் அது. அவ்வரசை நிறுவிய சூரோ மன்னரைப் பற்றி, இர்யோன் என்னும் பௌத்தத் துறவி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த ‘சம்குக் யூசா’ என்னும் நூல் ஒரு கதை கூறுகின்றது. கி.பி. 48ஆம் ஆண்டு செந்நிறப் பாய் விரித்த கப்பல் ஒன்று கரை நோக்கி வந்தது. அதில் வந்தவள் பதினாறு வயது இளவரசி. ‘அயுத’ நாட்டு மன்னன் மகள். கடலின் சீற்றம் தணியக் கற்கோபுரம் ஒன்றையும் அவள் உடன்கொண்டு வந்தாள். சூரோ அவளை மணந்து அரசியாக்கினார். ஹோ ஹ்வாங்-ஓக் என்பது அவ்வரசியின் பெயர்.

அவர்களுக்குப் பிறந்த மைந்தர் பதின்மருள் இருவர் தாயின் குடிப்பெயரான ‘ஹோ’ என்பதையே ஏற்றனர் என்று குலமரபு கூறுகின்றது. அதனால் கிம்ஹே கிம் குடியினரும் கிம்ஹே ஹோ குடியினரும் தம்மை ஒரு வயிற்று மக்களாகக் கருதித் தமக்குள் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்ற வழக்கத்தைப் போற்றி வந்தனர். நம் ஊர்களில் பங்காளிகள் மணவினை செய்து கொள்ளாததை ஒத்தது இது. இன்று கிம்ஹே கிம் குடியினர் மட்டுமே 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். கொரியக் குடிகளுள் பெருங்குடி அதுவே.

‘அயுத’ என்பது எந்நாடு? அயோத்தி என்பார் பலர். 2001ஆம் ஆண்டு அயோத்தியில் அவ்வரசிக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. பின்னர் அது பூங்காவாக விரிந்தது. சூரோ கல்லறை வாயிலில் உள்ள இணைக்கயலைச் சுட்டி, அவள் பாண்டி நாட்டுப் பெண்ணே என்று கூறும் தமிழன்பர்களும் உளர். கேட்கும்போது நம் நெஞ்சும் சற்றே விம்முகின்றது. ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. கதை எழுதப்பட்டது நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு 1200 ஆண்டுகள் கழித்து. அரசி 157 வயது வரை வாழ்ந்தாள் என்றும் அந்நூலே கூறுகின்றது. இணைக்கயலோ பௌத்தம் பரவிய நாடுகள் பலவற்றிலும் மங்கலச் சின்னம். அயோத்திப் பகுதிக்கும் அது உரியதே. எனவே இதனை மெய்யான வரலாறு என நிலைநாட்ட நம்மிடம் சான்றில்லை.

ஆனால் இக்கதை வேறொரு வகையில் விலைமதிப்பற்றது. தம் குலத்தின் முதல் தாய் கடல் கடந்து வந்த அயல்நாட்டாள் என்று சொல்லிக்கொள்வதை இத்தனை பெரிய குடி இழிவாகக் கருதவில்லை; பெருமையாகவே கருதிற்று. அவள் பெயரையும் மறையவிடவில்லை.

மருமகன் நாடு

கதையை விட்டு ஏட்டு வரலாற்றுக்கு வருவோம். 1231ஆம் ஆண்டு தொடங்கி மங்கோலியப் படைகள் கோர்யோ அரசை மீண்டும் மீண்டும் தாக்கின. நாடு நலிந்தது, அரசு பணிந்தது. 1274ஆம் ஆண்டு கோர்யோ இளவரசர் குப்ளாய் கானின் மகளை மணந்தார். அவரே பின்னர்ச் சுங்ன்யோல் மன்னர் ஆனார். அன்று முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் கோர்யோ மன்னர்கள் மங்கோலிய அரச குலத்தில் பெண் எடுத்தனர். பேரரசின் ‘மருமகன் நாடு’ என்ற நிலை கோர்யோவுக்கு ஏற்பட்டது.

அம்மணத்தின் சுமையைத் தாங்கியவர் பெண்களே. சுங்ன்யோலுக்கு முன்னரே மனைவி ஒருத்தி இருந்தாள். கான் மகள் வந்ததும் அவள் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டாள். மறுபுறம், கோர்யோவின் இளம்பெண்கள் திறைப்பொருள் போலப் பேரரசுக்கு அனுப்பப்பட்டனர். பெண்ணைப் பெற்றவர் அஞ்சி நடுங்கிய காலம் அது. அவ்வாறு அனுப்பப்பட்ட பெண் ஒருத்தி தோகோன் தெமூர் பேரரசரின் உள்ளத்தைக் கவர்ந்து, 1340ஆம் ஆண்டு பேரரசியானாள். கி பேரரசி என வரலாறு அவளைக் குறிக்கும். அவள் உயர்வு கண்டு அவள் உடன்பிறந்தார் தாய்நாட்டில் ஆடிய ஆட்டம் மக்களை வருத்திற்று.

அந்த ஆட்டத்தை அடக்கியவர் கோங்மின் மன்னர். 1356ஆம் ஆண்டு அவர் கி குடும்பத்தாரை ஒழித்து, மங்கோலியர் பிடியிலிருந்து வடபுல நிலங்களை மீட்டார். இதில் வியப்பு யாதெனின், அவருடைய மனைவி நோகுக்கும் மங்கோலிய இளவரசியே. தன் பிறந்தகத்தாரின் ஆதிக்கத்தை எதிர்த்த கணவனின் பக்கமே அவள் நின்றாள். 1363ஆம் ஆண்டு கொலைஞர் அரசரைத் தேடி வந்தபோது, அவர் ஒளிந்திருந்த அறையின் வாயிலில் அவள் அமர்ந்து காத்தாள் என்று கோர்யோ வரலாற்று நூல் கூறும். 1365ஆம் ஆண்டு பேறுகாலத்தில் அவள் இறந்தாள். மன்னர் ஆற்றொணாத் துயரில் ஆழ்ந்தார். கேசோங் நகரருகே அவ்விருவர் கல்லறைகளும் அருகருகே இன்றும் உள்ளன. அரசியல் கட்டிவைத்த மணமும் அன்பு மணமாகக் கூடும் என்பதற்கு அவ்விரு கற்குன்றுகள் சான்று.

தாய்மொழியை மறந்தவர்

பின்வந்த ஜோசோன் அரசு கதவை அடைத்துக்கொண்டது. அடைத்த கதவினுள்ளும் அயலான் ஒருவன் வந்து சேர்ந்தான். 1627ஆம் ஆண்டு வெல்டெவ்ரே என்னும் டச்சு மாலுமி கரையில் பிடிபட்டார். நாடு திரும்ப அரசு இசையவில்லை. பாக் யோன் என்ற பெயர் பூண்டு, துப்பாக்கி, பீரங்கிக் கலையில் அரசுக்குப் பணிபுரிந்தார். கொரியப் பெண்ணை மணந்து ஒரு மகனும் ஒரு மகளும் பெற்றார்.

1653ஆம் ஆண்டு ஜேஜூ தீவில் மற்றொரு டச்சுக் கப்பல் உடைந்தது. உயிர்தப்பிய ஹாமெல் முதலியோரிடம் பேச அரசு இவரை அனுப்பியது. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் தன் நாட்டார் முகங்களைக் கண்ட அவருக்குத் தாய்மொழி நாவில் எழவில்லை. ஏறக்குறைய அனைத்தையும் மறந்துவிட்டிருந்தார்; மெல்ல மெல்லவே மீட்டுக்கொண்டார். இவ்விடத்தைப் படிக்கும்போது அயலகத் தமிழராகிய நாம் ஏட்டை மூடிவிட்டுச் சற்றே அமர்ந்திருக்க வேண்டியதாகின்றது. நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவையும் நாம் அப்போது நினைக்கின்றோம்.

பறிபோன நாட்டில் இரு மணங்கள்

1910ஆம் ஆண்டு ஜப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. பட்டத்து இளவரசர் யி உன் பத்து வயதிலேயே ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தார். 1920ஆம் ஆண்டு ஜப்பானிய அரச குலத்துப் பெண்ணான மசாகோவை அவருக்கு மணம் செய்வித்தனர். இரு நாடும் ஒன்றே என்று உலகிற்குக் காட்ட ஆளும் அரசு செய்த ஏற்பாடு அது. முதல் மகனைக் கைக்குழந்தையாகக் கொரியாவுக்கு எடுத்துச் சென்றபோது, 1922ஆம் ஆண்டு அக்குழந்தை அங்கேயே இறந்தது.

போர் முடிந்தபின் அவ்விணையர்க்குப் பட்டமும் இல்லை. சொந்தமென்று ஏற்க ஒரு நாடும் இல்லை. 1963ஆம் ஆண்டில்தான் கொரியா திரும்பினர். 1970இல் கணவர் மறைந்தார். மசாகோ ஜப்பானுக்குத் திரும்பிச் செல்லவில்லை. யி பாங்ஜா என்னும் கொரியப் பெயருடன், உடற்குறையுற்ற சிறுவர்களின் கல்விக்காக உழைத்து 1989ஆம் ஆண்டு அம்மண்ணிலேயே மறைந்தார். பகைநாட்டுப் பெண்ணாக மணமேடை ஏறியவரைக் கொரியர் கண்ணீரோடு வழியனுப்பினர்.

அதே காலத்தில், நாடிழந்து அலைந்த விடுதலைத் தலைவர் சிங்மன் ரீ 1933இல் ஜெனீவாவில் பிரான்செஸ்கா டோனர் என்னும் ஆஸ்திரியப் பெண்ணைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அவரை மணந்தார். 1948ஆம் ஆண்டு ரீ குடியரசுத் தலைவரானபோது, கொரியக் குடியரசின் முதல் தலைவர் இல்லத்து அரசியாக விளங்கியவர் அயல்நாட்டுப் பெண்ணே.

போரின் பிள்ளைகள்

அரண்மனைக்கும் தலைவர் மாளிகைக்கும் கிட்டிய பொறுமை எளியவர்க்குக் கிட்டவில்லை. 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப்பின் அமெரிக்கப் படைகள் அங்கே நிலைகொண்டன. அப்படைவீரரை மணந்து அடுத்த நாற்பதாண்டுகளில் அமெரிக்கா சென்ற கொரியப் பெண்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். அவர்களைச் சொந்த நாட்டார் இழித்துரைத்தனர்; சென்ற நாட்டிலும் தனிமையே காத்திருந்தது. ஆயினும் அவர்களே தம் உடன்பிறந்தாரை அழைத்துக்கொண்டு, அங்குள்ள கொரியச் சமுதாயத்திற்குக் கால்கோள் இட்டனர். தந்தையர் கைவிட்ட கலப்புக் குழந்தைகள் பலர் தத்தாக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டனர்.

சட்டமும் அவ்வாறே இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, கொரியத் தந்தையின் மகவே கொரியக் குடி. அயல்நாட்டானை மணந்த கொரியத் தாய் தன் குழந்தைக்குத் தன் நாட்டைத் தர இயலவில்லை. ஹோ அரசியின் பெயரைத் தாங்கிய குலங்கள் வாழ்ந்த நாட்டிலேயே தாயின் உரிமை செல்லாக் காசாயிற்று! 1998ஆம் ஆண்டில்தான் தாய்வழிக் குடியுரிமை நடைமுறைக்கு வந்தது. இதைச் சொல்லி நாம் நகைத்தல் ஆகாது. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியத் தாய் தன் குடியுரிமையைத் தரும் உரிமை, நம் நாட்டிலும் 1992ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால்தான் கிட்டிற்று.

2006ஆம் ஆண்டு ஒரு மாற்றத்தின் அறிகுறி தெரிந்தது. ஹைன்ஸ் வார்டு என்னும் அமெரிக்கக் கால்பந்து வீரர், அவ்வாட்டத்தின் மாபெரும் இறுதிப் போட்டியில் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். சியோலில் கொரியத் தாய்க்கும் கறுப்பின அமெரிக்கப் படைவீரர்க்கும் பிறந்தவர் அவர். தாயின் உழைப்பில் வளர்ந்தவர். தாயுடன் அவர் வந்தபோது நாடே திரண்டு வரவேற்றது. புகழ் பெறாத மற்றப் பிள்ளைகளை நாம் எங்ஙனம் நடத்தினோம் என்ற வினாவும் அன்று பலர் உள்ளத்தில் எழுந்தது.

உழவன் வீட்டு மணமகள்

காலம் மீண்டும் திரும்பிற்று. இளம்பெண்கள் நகரங்களை நாடிச் செல்லவே, சிற்றூர் உழவர்க்குப் பெண் கிடைப்பது அரிதாயிற்று. சீனம், வியட்நாம், பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து மணமக்கள் வந்தனர். 2005ஆம் ஆண்டு நடந்த திருமணங்களில் 42,000க்கும் மேற்பட்டவை அயல்நாட்டாருடன் நடந்தவை. நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் மிகுதி. பின்னர் அத்தொகை குறைந்து, 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 20,000 ஆயிற்று.

தரகர் வழியே, சில நாட்களில் பார்த்து முடித்த மணங்கள் பல. மொழி தெரியாத வீட்டில் மாமியாருக்கு அஞ்சிக் கண்ணீர் வடித்த பெண்கள் உண்டு. 2010ஆம் ஆண்டு வியட்நாமிய மணப்பெண் ஒருத்தி கொரியா வந்த எட்டாம் நாளே கணவன் கையால் மாண்டாள். அக்கொடுமைக்குப் பின் தரகர் சட்டம் இறுக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு இத்தகைய குடும்பங்களுக்கென ஆதரவுச் சட்டம் ஏற்பட்டு, மருமகள்களுக்கு மொழி கற்பிக்கும் நிலையங்கள் ஊர்தோறும் பெருகின. 2012ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸில் பிறந்த ஜாஸ்மின் லீ நாடாளுமன்ற உறுப்பினரானார்.

2008ஆம் ஆண்டு மற்றொன்றும் நிகழ்ந்தது. மணப்பதிவின்போது இருவரும் இசைந்தால் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் குடிப்பெயரை இடலாம் என்று குடிமைச் சட்டம் இடந்தந்தது. கடல் கடந்து வந்த ஒரு தாயின் பெயரை அவள் மைந்தர் இருவர் தாங்கினர் என்று கதை சொல்லி மகிழ்ந்த நாடு, அக்கதையின் அறத்தைச் சட்டமாக்க இத்தனை காலம் ஆயிற்று.

அயலார் மணம் இன்பமே தரும் என்று இவ்வரலாறு கூறவில்லை. வலிமையால் திணித்த மணங்களில் பெண்கள் வாடினர். வறுமையால் பேசிய மணங்களில் உயிரும் போயிற்று. ஆனால் வந்தவளை உரிமையோடு ஏற்ற இடங்களில் அவள் அந்நாட்டுக்கே தாயானாள். வந்தவர் எக்குலத்தார் என்பதை விட, அவரை ஏற்ற வீட்டில் அவருக்குப் பெயரும் மொழியும் உரிமையும் இருந்தனவா என்பதே விளைவை முடிவு செய்தது.

நம் வாயிலிலும் ஒரு நாள் ஒரு பெண்ணோ பிள்ளையோ தயங்கி நிற்கக் கூடும். அப்போது நாம் அவர்க்குத் தமிழ் கற்பிப்போம். அவர் மொழியில் நாலு சொல் நாமும் கற்போம். பேரக் குழந்தை இரு பாட்டியரின் கதைகளையும் கேட்டு வளரட்டும். பாக் யோன் போல ஒரு மொழியை இழந்து மறு மொழியைப் பெறும் நிலை அக்குழந்தைக்கு வேண்டா. இரண்டும் அதன் நாவில் நிலைக்குமாறு செய்வது நம் கையில் உள்ளது.