பூட்டு பலமானதுதான், சாவி யாரிடம்?

"பிளாக்செயின் முறையில் ஓட்டுப் போட்டால் கள்ள ஓட்டே இருக்காது" என்று சொல்லும் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. வரலாறு இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஏதென்ஸ் நகரம், கி.மு. 5ஆம் நூற்றாண்டு. ஊருக்கு ஆபத்தானவர் என்று கருதும் தலைவரைப் பத்தாண்டு நாடு கடத்த மக்கள் வாக்களித்தார்கள். உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போட வேண்டும். ஓட்டாஞ்சில்லிலேயே ஓட்டு! 1937இல் அங்கே ஒரு பழங்கிணற்றில் சுமார் 190 சில்லுகள் கிடைத்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பெயர், தெமிஸ்டாகிளிஸ். கையெழுத்தை ஆராய்ந்தவர்கள், எழுதியவர்கள் 14 பேர்தான் என்றார்கள். யாரோ முன்கூட்டியே எழுதி, வாக்காளர் கையில் கொடுக்கத் தயாராக வைத்திருந்தார்கள் என்பது அறிஞர்கள் கருத்து.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டில் கீறிய எழுத்தை அழிக்க முடியாது. 2400 ஆண்டு கழித்தும் படிக்க முடிந்தது. பதிவில் ஒரு குறையும் இல்லை. பதிவாவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

அடுத்து 1856, ஆஸ்திரேலியா. அதுவரை பிரிட்டிஷ் முறையில் வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் தன் தேர்வைச் சொல்ல வேண்டும். பண்ணையாரும் முதலாளியும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த ஆண்டு விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் இரகசிய வாக்குச்சீட்டைக் கொண்டுவந்தன. 1872இல் பிரிட்டனும் ஏற்றது. அன்று முதல் தேர்தலுக்கு இரண்டு கட்டளைகள்: என் வாக்கு யாருக்கும் தெரியக் கூடாது, எண்ணிக்கை எல்லோருக்கும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றுவதுதான் கடினம்.

இப்போது பிளாக்செயினுக்கு வருவோம். 1991இல் ஹேபர், ஸ்டார்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள், ஒரு மின்னணு ஆவணம் பின்னால் திருத்தப்படவில்லை என்று காட்ட வழி சொன்னார்கள். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் முத்திரையைச் சுமந்திருக்கும். நடுவில் ஒரு பக்கத்தை மாற்றினால் அடுத்தடுத்த முத்திரை எல்லாம் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். 2009இல் பிட்காயின் இதையே பயன்படுத்தியது. பணக் கணக்குக்கு நல்ல யோசனை. தேர்தலுக்கு?

2019 செப்டம்பர், மாஸ்கோ நகர மன்றத் தேர்தல். மூன்று தொகுதிகளில் பிளாக்செயின் வழி இணைய வாக்குப்பதிவு. தேர்தலுக்கு முன் நிரலை வெளியிட்டு, முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்றார்கள். பியரிக் கோட்ரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் உடைத்தார். வாக்கை மறைக்கும் மறைகுறியீட்டுச் சாவி மிகச் சிறியது. சாதாரணக் கணினியில் சுமார் 20 நிமிடத்தில் திறக்க முடிந்தது. சாவியைப் பெரிதாக்கினார்கள். அதன் பிறகும் வாக்கைப் பற்றிய தகவல் கொஞ்சம் கசிவது தெரிந்தது. அதையும் அடைத்தார்கள்.

தேர்தல் நாளில் இணைய வாக்குப்பதிவு இடையிடையே முடங்கியது. ஒரு தொகுதியில் காகித வாக்குகளில் முந்தியிருந்த சுயேச்சை வேட்பாளர், இணைய வாக்குகளைச் சேர்த்ததும் 84 வாக்கில் தோற்றார். 2021இல் நாடாளுமன்றத் தேர்தல். மாஸ்கோவில் சாவடிகளில் முன்னிலையில் இருந்த எதிர்க்கட்சியினர் சிலர், தாமதமாக வந்த இணைய வாக்குகளால் பின்தங்கினார்கள். மோசடி என்றனர் தோற்றவர்கள். இல்லை என்றனர் அதிகாரிகள். மறுபடி எண்ணிப் பார்க்கக் கையில் ஒரு சீட்டும் இல்லை.

அமெரிக்காவிலும் இதே பாடம். 2018இல் மேற்கு வர்ஜீனியா, வெளிநாட்டில் இருந்த தன் வாக்காளர்களுக்கு வோட்ஸ் என்ற பிளாக்செயின் செயலியைக் கொடுத்தது. 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கைப்பேசிக்குள் புகுந்தவன், சங்கிலியில் ஏறுமுன்பே வாக்கை மாற்ற முடியும் என்று காட்டினார்கள். அந்த மாநிலம் செயலியைக் கைவிட்டது. ஏதென்ஸ் கிணறு நினைவுக்கு வருகிறதா?

அப்படியானால் மோசடியைத் தடுப்பது எது? எஸ்தோனியா 2005 முதல் இணைய வாக்குப்பதிவு நடத்துகிறது. மிரட்டி வாங்கிய வாக்கை வாக்காளர் பிறகு மாற்றிப் போடலாம். நேரில் போய்க் காகிதத்தில் போட்டால் அதுவே செல்லும். தன் வாக்கு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று 2013 முதல் கைப்பேசியில் சரிபார்க்கலாம். இவற்றில் எதுவும் பிளாக்செயின் தந்த பாதுகாப்பு இல்லை. அங்கும் விமர்சனங்கள் உண்டு. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2018 அறிக்கையோ, மனிதர் கையால் எண்ணக்கூடிய காகிதச் சீட்டு வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது.

தோற்றவரும் ஒப்புக்கொள்ளும்படி நடப்பதுதான் நல்ல தேர்தல். அதற்குக் கணிப்பொறி வல்லுநர் மட்டும் புரிந்துகொள்ளும் சான்று போதாது. எட்டாம் வகுப்பு படித்தவரும் பக்கத்தில் நின்று எண்ணிச் சரிபார்க்க முடிய வேண்டும். புதிய இயந்திரம் எது வந்தாலும் பிள்ளைகள் இந்தக் கேள்வியை முதலில் கேட்கட்டும்: "சந்தேகம் வந்தால், எதை எடுத்து மறுபடி எண்ணுவது?"

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள்.