நோவுக்கு ஒரு துணை

1848 இல் மானிப்பாயில் மருத்துவமனை நிறுவிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாண மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவருக்குச் சொல் கிடைத்தது. நோயாளிக்கோ, தன் நோவைப் புரிந்துகொள்ளும் ஆளும் வேண்டும்.

முக நரம்பு வலி அத்தகையது. வெளியே ஒன்றும் தெரியாது. காற்றுப் பட்டாலே கன்னத்தில் மின்னலாய் வெட்டும். ஜோன் பொதர்கில் என்ற ஆங்கில மருத்துவர் 1773 இலேயே இதனை விவரித்தார். ஆயினும், பல்வலியென எண்ணி நல்ல பற்களை இழந்தோர் பலர். 1990 இல் அமெரிக்காவில் இந்நோயாளருக்கெனச் சங்கம் தோன்றியது. மருந்தின் வேலையைச் சங்கம் செய்யாது. ஆனால் "எனக்கும் அப்படித்தான்" என்று ஒருவர் சொல்லும்போது தனிமை அகல்கிறது. உரிய மருத்துவரிடம் செல்லும் வழியும் தெரிகிறது.

நம் ஊர்களில் சனசமூக நிலையங்கள் உள்ளன. மாதமொரு மாலை அங்கே இவர்கள் கூடினால் போதும் என்பேன் நான்.