ஓவர்லோடும் ஓவர்கிளாக்கும்

போன வாரம் ராசிபுரத்துல இருந்து அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, அடுத்து வரப்போற பிராசசர்ல எதுக்குக் காத்திருக்கலாம்? டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? நல்லா ஓவர்கிளாக் ஆகணும், விலையும் கம்மியா இருக்கணும்."

கேட்டதுமே எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. போன்ல அவனுக்குச் சொன்ன பதில் ரெண்டே வரி. சொல்லாம விட்ட மீதிதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :-)

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. பிராசசர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்னு எழுதித்தான் கம்பெனி விற்கிறது. அந்த வேகம் ஒரு பெருக்கல் கணக்கு: பஸ்ஸின் வேகம் × பெருக்கும் எண். இதில் ஏதாவது ஒன்றை ஏற்றிவிட்டு, எழுதியதற்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்.

இந்த வித்தைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1998 ஆகஸ்ட்டில் இன்டெல் விட்ட செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், பெருக்கும் எண் 4.5, ஆக மொத்தம் 300. பஸ்ஸை 100-க்குத் தூக்கினால் நேரா 450! அதே நேரத்தில் வந்த பென்டியம் 2-ன் 450 மெகாஹெர்ட்ஸ் சில்லு 669 டாலர். செலரான் 149 டாலர்தான். பென்டியத்தில் 512 கிலோபைட் கேஷ் இருந்தாலும் அது பாதி வேகத்தில் ஓடியது. செலரானில் 128 தான், ஆனால் சில்லுக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. அதனால் ஓவர்கிளாக் பண்ணின செலரான் நிறைய வேலைகளில் பென்டியத்துக்குத் தோள் கொடுத்து நின்றது.

எப்படி இது சாத்தியம்? ஒரே வேஃபரில் வார்க்கிற சில்லுகளைச் சோதித்து, தேறுகிற வேகத்துக்கு ஏற்பத் தரம் பிரிப்பார்கள். நம்ம நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிற மாதிரி. உற்பத்தி நல்லா வரும்போது பெரும்பாலான சில்லு வேகமானதாகவே தேறிடும். ஆனா சந்தையில் விலை குறைந்த சரக்குக்குத்தானே கிராக்கி? அதனால் பெரிய முட்டையிலேயே சின்ன முட்டைன்னு லேபிள் ஒட்டி விற்பாங்க. லேபிளைப் பார்க்காம முட்டையைப் பார்த்தவன் பொழைச்சான்.

இதில் ஏமாத்து வேலையும் நடந்தது. மெதுவான சில்லின் மேல் எழுத்தை அழித்து, வேகமான சில்லுன்னு அச்சடித்து விற்ற கும்பல்கள் பல நாட்டிலும் இருந்தன. இன்டெல் பெருக்கும் எண்ணைப் பூட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பஸ்ஸைப் பூட்டவில்லை. அந்தச் சந்துலதான் நம்ம ஆளுங்க புகுந்து விளையாடினாங்க. ஏஎம்டி பக்கம் 2000-ல் வந்த டூரான், தண்டர்பேர்ட் சில்லுகளில் இன்னும் தமாஷ். மேலே தெரியும் குட்டிக் குட்டி இணைப்புகளை சாதாரணப் பென்சிலால் கோடு போட்டுச் சேர்த்தால் பூட்டு திறந்துவிடும். பென்சிலில் இருக்கிற கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், அவ்வளவுதான் ரகசியம்.

இப்ப நம்ம கதை. 2007 கடைசியில், அப்பா எடுத்த சீட்டுப் பணத்தில் சேலத்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணினோம். அந்தப் பணம் லாரிக்கு டயர் மாத்த வெச்சிருந்தது. வாங்கினது பென்டியம் டூயல் கோர் இ2160. 1.8 கிகாஹெர்ட்ஸ், பஸ் 200, பெருக்கும் எண் 9. பயாஸில் பஸ்ஸை 333 ஆக்கினால் 3.0 கிகாஹெர்ட்ஸ். ஆக்கினேன். ஓடுச்சு! அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. விலை கூடின கோர் 2 டுவோவை வெச்சிருந்த நண்பனுக்கு போன் போட்டு வெறுப்பேத்தினேன்.

எங்கூர்ல ஏப்ரல் பிறந்தாலே வெயில் 40 டிகிரியைத் தொடும்கிறதை மட்டும் மறந்துட்டேன். காத்தை வெச்சுக் குளிரவைக்கிற எந்த விசிறியும் ரூம் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. ரூமே 38-ல் இருந்தா சில்லு எங்கே போய் நிக்கும்? மின்சாரக் கணக்கு அதைவிட மோசம். சில்லு தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தில் 10 சதவீதம், வோல்டேஜில் 10 சதவீதம் ஏத்தினால் சூடு 33 சதவீதம் ஏறும். நான் ஏத்தினது வேகத்தில் மட்டுமே 67 சதவீதம். அதுவும் கேபினெட்டோடு இலவசமா வந்த பவர் சப்ளையை நம்பி. 2008-ல கரண்ட் வேற நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வரும். ஒரு நாள் மதியம் கரண்ட் திரும்பி வந்ததும் 'டப்'னு ஒரு சத்தம், கருகின வாசனை. பவர் சப்ளை போனது மட்டுமில்ல, மதர்போர்டையும் கூட்டிட்டுப் போயிடுச்சு.

அப்பா திட்டலை. திட்டியிருந்தா தேவலை. வாசல்ல நின்ன லாரியைக் காட்டி, "கண்ணு, இது 10 டன் பாஸிங். 14 ஏத்தினாலும் ஓடும். ஓடுதுங்கறதுக்காக ஏத்தக்கூடாது. ஏத்தறதுன்னா டயரு, பிரேக்கு, ரோடு எல்லாம் பார்த்து ஏத்தோணும்"னாரு. அந்த வருஷம் அவர் பழைய டயருக்கு ரீட்ரேடிங் போட்டுத்தான் ஓட்டினாரு. அதை நினைச்சா இன்னிக்கும் தொண்டை அடைக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது ஆட்டமே மாறிடுச்சு. பஸ்ஸை அசைத்தால் மற்ற எல்லாமே சேர்ந்து அசையும்படி ஆனதால் அந்தச் சந்து அடைபட்டது. பெருக்கும் எண்ணைத் திறந்துவிட்ட சில்லுக்கு 'கே'ன்னு பேர் வெச்சுக் கூடுதல் விலை. ஐ5-2500 205 டாலர், 2500கே 216 டாலர். 11 டாலர்தானேன்னு நினைக்காதீங்க, அதுக்கு ஏத்த விலை கூடின போர்டும் வாங்கணும். ஏழையின் குறுக்குவழி காசுள்ளவனின் வசதியா மாறினது இங்கேதான். 2017-ல் ஏஎம்டி ரைசன் எல்லாச் சில்லையும் திறந்தே விட்டு அதைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. 329 டாலர் ரைசன் 7 1700-ஐ ஏத்திவிட்டால் 499 டாலர் 1800எக்ஸ் கிட்டத்தில் வந்துடும்.

ஆனா இப்போ? கம்பெனியே தன் சில்லை எல்லை வரைக்கும் ஏத்தித்தான் விற்கிறது. ஐ9-14900கே தனியா ஒரு கோரை 6 கிகாஹெர்ட்ஸ் வரை தூக்கும், 253 வாட் வரை தின்னும். 13, 14-ஆம் தலைமுறை சில்லுகள் சில அளவுக்கு மீறின வோல்டேஜால் நிலைகுலைந்து, 2024-ல் இன்டெல் புது மைக்ரோகோடு கொடுத்து, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டியது. ஓவர்லோடு பண்ண நமக்கு மிச்சம் எதுவும் இல்லை, ஃபேக்டரியிலேயே ஏத்திட்டாங்க.

லேப்டாப்பில் ஓவர்கிளாக் எப்பவுமே பகல் கனவுதான். ஒரே பேர் போட்ட சில்லு ஒரு லேப்டாப்பில் பறக்கும், இன்னொன்றில் சூடு தாங்காம நொண்டும். அங்கே நாம வாங்குறது சில்லை இல்லை, அதோட விசிறியை. வோல்டேஜைக் குறைத்து ஓட்டும் வழியையும், 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற ஓட்டை வெளியானபின் நிறைய இன்டெல் லேப்டாப்களில் அடைத்துவிட்டார்கள்.

அதனால என் தீர்ப்பு: இனி எது வந்தாலும் மேலே ஏத்துறதைப் பார்க்காதே, கீழே இறக்கினா எவ்வளவு தாங்குதுன்னு பார். ரைசன் 7 7700எக்ஸ் 105 வாட், 2023 ஜனவரியில் வந்த 7700 65 வாட். ரெண்டுக்கும் வேகத்தில் சில சதவீதம்தான் வித்தியாசம், 7700-க்குப் பெட்டியிலேயே விசிறியும் உண்டு. நம்ம ஊர் வெயிலுக்கு 65 வாட் சில்லுதான் லாபம். மிச்சக் காசுக்கு நல்ல பவர் சப்ளை.

பையனுக்குப் போன்ல சொன்ன ரெண்டு வரி: "டெஸ்க்டாப் வாங்கு, 65 வாட்ல வாங்கு. ஏத்தறதுக்கு முன்னாடி உங்க தாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேளு."

டிஸ்கி: கருகின அந்த மதர்போர்டில் இருந்து கழட்டின இ2160 இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கு. சில்லுக்கு ஒண்ணும் ஆகலை. வேற போர்டில் 1.8-லயே ரொம்ப வருஷம் ஓடுச்சு. உங்க வீட்டுல கருகின கதை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க :-)