தோட்டத்தின் எல்லையும் பள்ளியின் எல்லையும்

ஒரு பாடசாலையில் எந்தப் பிள்ளை சேரலாம், எந்தப் பிள்ளை சேரலாகாது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? கொழும்பிலும் கண்டியிலும் வாழும் பெற்றோருக்கு இவ்வினாவின் விடை மனப்பாடம். கல்வி அமைச்சின் சுற்றறிக்கையைப் புரட்டுவார்கள். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பார்கள். வேண்டுமாயின் வீட்டையே மாற்றிக்கொள்வார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இதே வினாவுக்கு வேறொரு வரலாறு உண்டு. அங்கே நெடுங்காலமாகத் தோட்டத்தின் எல்லை எதுவோ அதுவே பள்ளியின் எல்லையாகவும் இருந்தது.

டயகமவை எடுத்துக்கொள்வோம். நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. அதற்கு மேலே காடும் சமவெளியுந்தான். மழையும் மூடுபனியும் அங்கு விருந்தாளிகளல்ல, வீட்டுக்காரர்கள். தோட்டம் தோன்றிய பின்னரே அங்கே ஊர் தோன்றியது. ஆகவே அவ்வூரின் பள்ளியும் தோட்டத்தின் பிள்ளையாகவே பிறந்தது.

1869ஆம் ஆண்டில் இலைநோய் காணத் தொடங்கிக் கோப்பிப் பயிர் அழிந்ததும், தேயிலை மலைகளை மூடியதும் நேயர்கள் அறிந்த செய்தி. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்ற எண்ணம் சட்டமாக உருப்பெற 1907 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டின் கட்டளைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. 1920இல் வந்த சட்டம் அப்பொறுப்பை மேலும் இறுக்கியது. பிள்ளைக்கு வேலை கொடுப்பவரும் பள்ளி கொடுப்பவரும் ஒருவரே என்னும் இவ்வேற்பாட்டின் பலனை ஊகிப்பது கடினமன்று. பெரும்பாலான இடங்களில் ஓர் உபாத்தியாயர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிகின்ற படிப்பு என்பதே கதை. அடுத்த தோட்டத்தில் நல்ல ஆசிரியர் இருக்கிறார் என்று தெரிந்தாலும், பிள்ளையை அங்கே அனுப்புவது எளிதாக நடக்கிற காரியமாக இருக்கவில்லை.

பெற்றோர் கல்வியை மதிக்கவில்லை என்று அக்காலத்தில் சிலர் குறை கூறினார்கள். அக்கூற்றை நான் ஏற்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை மலைக்குப் போனால் அன்றைக்கே சிறு கூலி. படித்தால் ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பின்னும் அதே மலைதான். இதில் எதை நிறுத்துப் பார்க்கச் சொல்வது? மேற்கொண்டு போக ஒரு படியில்லாத ஏணியில் ஏறவில்லை என்று ஒருவரைக் குறை சொல்லலாமா?

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. ஏழை உழவனின் மகன் வைத்தியனாகவும் நீதவானாகவும் வர வழி திறந்தது அப்போதுதான். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அவ்வெள்ளத்துக்கு வெளியே மேட்டு நிலமாக நின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949இல் வாக்காளர் தகுதியை மாற்றிய சட்டமும் அத்தொழிலாளரிற் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குமற்றவர்களாக்கின. வாக்கில்லாத மக்களுக்கு உயர்தரப் பாடசாலை கேட்டு வாதாடும் உறுப்பினர் எங்கிருந்து வருவார்? 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் துரைமாரிடமே விடப்பட்டன.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர் எடுப்பதற்கென ஒத்திவைக்கப்பட்டது. இக்கணக்கு லயத்து வீட்டில் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மகனை மேல்வகுப்புக்கு அனுப்புவதா, கப்பலுக்குப் பெயர் பதிந்திருக்கும்போது அது வீண்தானா? எந்த நாட்டின் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்வது? பாடசாலை எல்லை என்னும் சொல் அக்காலத்தில் கடலையே குறித்தது என்றாலும் மிகையாகாது.

1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தத்தின் பின், 1977 முதலாகப் படிப்படியாகத் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் இப்பிள்ளைகளையும் எட்டியது. எண்பதுகளில் சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. சட்டப்படி பார்த்தால் தோட்டவேலி அன்றோடு விழுந்துவிட்டது. ஆயினும் வேலி விழுந்த இடத்தில் தூரம் எழுந்து நின்றது.

இந்நாட்டில் பாடசாலைகள் தரம் பிரிக்கப்பட்டிருப்பதை நேயர்கள் அறிவீர்கள். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலை 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் உள்ளது 1சி. பதினோராம் வகுப்போடு நிற்பது இரண்டாம் வகை. மூன்றாம் வகையோ அதற்குங் கீழே முடிந்துவிடும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் முதல் வகை மிகச் சிலவே. 1892இல் மெதடிஸ்த மிஷனால் தொடங்கப்பட்ட ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்றவற்றின் வாசலில் கூட்டம் கூடுவதற்குக் காரணம் இதுவே. டயகமவிலிருந்து அங்கே அனுப்புவதென்றால் விடியுமுன் பஸ், அல்லது உறவினர் வீடு, அல்லது விடுதி. பெண்பிள்ளையாயின் அச்சம் இரட்டிப்பு.

“அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை” என்ற திட்டத்தை 2016இல் அரசாங்கம் அறிவித்தது. நோக்கம் நன்று. ஆனால் அருகிலுள்ள பள்ளியில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லையென்றால், அப்பெயரைச் சொல்லிப் பெற்றோரைத் தடுத்து நிறுத்துவது முறையாகுமா? மறுபுறம், படிக்கக்கூடிய பிள்ளைகளெல்லாம் பஸ்ஸேறிவிட்டால் உள்ளூர்ப் பள்ளியில் உயர்தர வகுப்புக்கு மாணாக்கர் தொகை போதாது. மாணாக்கர் போதாத வகுப்புக்கு ஆசிரியர் வருவதில்லை. ஆசிரியர் வராத பள்ளியை விட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். இச்சுழலைப் பெற்றோர் தனித்தனியே அவிழ்க்க இயலாது. ஒரு குடும்பத்துக்கு எது நன்மையோ அதுவே ஊருக்கு நட்டமாகும் வேடிக்கை இது. புதிய உயர்தரப் பாடசாலையைக் கட்டுவோர் முதலில் ஆசிரியரையும், பிறகு பஸ்ஸையும், கடைசியாகக் கட்டடத்தையும் எண்ணவேண்டும் என்பது என் துணிபு. இதுவரை நடந்ததோ பெரும்பாலும் தலைகீழ்.

முதலாம் வகுப்பு அனுமதியில் மற்றொரு முடிச்சும் உண்டு. பெரிய பாடசாலைகளில் இடங்களின் பாதி அருகில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுகிறது. இருப்பிடத்தை மெய்ப்பிக்க வாக்காளர் இடாப்பும் காணியுறுதியும் கேட்கப்படுகின்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் இம்மக்கள் நாட்டின் பிரசைகள். இடாப்பில் பெயர் உண்டு. உறுதியோ பெரும்பாலோரிடம் இல்லை. நூறாண்டுக்கு மேல் ஒரே லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பம், தான் அங்கே வாழ்வதை நிறுவத் தோட்ட அலுவலகத்தில் கடிதம் வாங்கவேண்டியிருக்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு வழங்கும் முயற்சி 2015இல் தொடங்கப்பட்டது. உறுதி கிடைத்த வீடுகளிலும், இன்னும் கிடைக்காத லயங்களிலும், அதே தோட்டத்துப் பிள்ளைகளே ஒரே பாதையில் பள்ளிக்கு நடக்கிறார்கள்.