பிரட்டுக்களமும் கம்பனிக் கூடமும்

பெரிய கம்பனிகளில் இப்போது ‘ஊழியர் பன்மைத்துவ வலையமைப்பு’ என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. பெண்கள், சிறுபான்மை இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் ஒரு நிறுவனத்துக்குள் தமக்கெனக் குழுவாகக் கூடித் தம் நிலையை நிர்வாகத்துக்கு எடுத்துரைக்கும் ஏற்பாடு அது. இது அமெரிக்காவில் பிறந்தது என்பார்கள். பெயரைப் பொறுத்தவரை அது சரியே.

ரொசெஸ்டர் நகரில் 1964இல் இனக்கலவரம் மூண்டது. அந்நகரில் வளர்ந்த செரொக்ஸ் கம்பனியின் தலைவர் ஜோசப் வில்சன் அதன்பின் கறுப்பின மக்களைக் கூடுதலாக வேலைக்கு எடுக்கத் துணிந்தார். வேலை கிடைத்தது, உள்ளே சமத்துவம் கிடைக்கவில்லை. ஆகவே கறுப்பின ஊழியர்கள் தாமே கூடினார்கள். 1970 அளவில் அது நாடளாவிய அமைப்பாயிற்று. பின்னாளில் அதே கம்பனியில் பயிற்சியாளராகச் சேர்ந்த ஊர்சுலா பேர்ன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 2009இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஒதுக்கப்பட்டோரின் திறமையை அடையாளம் கண்டதால் கம்பனிக்கும் இலாபமே.

பெயரை விட்டுப் பொருளைப் பார்த்தால், நம்மவரிடமும் இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. மாத்தளை நகருக்கு வடக்கே பல்லேபொலப் பக்கம் செல்லும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்துக் கூலித் தொழிலாளர் தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த பாதை அந்த ஊருக்கு அருகில்தான் செல்கிறது. காட்டிலும் காய்ச்சலிலும் கொள்ளைநோயிலும் மாண்டவர் போக, மிஞ்சியவர்களே கோப்பித் தோட்டங்களையும் பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கினார்கள்.

தோட்டம் என்பதும் ஒரு கம்பனிதான். அங்கே துரைக்குத் தமிழ்த் தொழிலாளியின் குறை கங்காணியின் வாய்வழியாகவே போய்ச் சேர்ந்தது. கங்காணியோ வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தலைக்காசு பெற்றவர். தொழிலாளிக்குக் கடன் கொடுத்தவரும் அவரே. தன் வருமானத்துக்குப் பாதகமான செய்தியை அவர் துரையிடம் சொல்வாரா? கடன் தீர்ந்ததற்கான ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போகவும் முடியாது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை அந்தத் துண்டு முறை இருந்தது. மனம் கசந்தவனுக்கு இருந்த ஒரே வழி இரவோடு இரவாக ஓடிப்போவது. அதனால் துரைக்கும் நட்டம். காரணம் என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இந்த ஊமைத்தனத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் கோ. நடேசய்யர். அவர் ஒரு பத்திரிகையாளர் என்பதில் என் போன்றோருக்குத் தனிப் பெருமை உண்டு. வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக வேடமிட்டுச் சென்றவர் அவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டாலேயே தொழிலாளரைத் திரட்டினார்.

தோட்ட உரிமையாளர்கள் இதை அழிவின் தொடக்கமாகக் கண்டார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். நாட்டையே உலுக்கிய சம்பவம் அது. அதே ஆண்டில் முதலாளிகள் தரப்பும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கங்காணி நின்ற இடத்தில் மெல்ல மெல்லத் தோட்டத் தலைவர் வந்து நின்றார். குறை என்னவென்று வேலைநிறுத்தத்துக்கு முன்பே துரைக்குத் தெரியவந்தது. கேட்கும் காது இருந்தால் தொழிலும் தடையின்றி நடக்கும் என்பதை முதலாளிகள் உயிர்ப்பலிக்குப் பின்னரே கற்றார்கள்.

இத்துடன் கதை முடிந்தால் நன்றாயிருக்கும். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். சங்கத் தலைவர்களோ ஆண்கள். ஒரே பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து வேலைக்குச் சென்ற பெண்ணுக்கு, ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. மீனாட்சியம்மாள் பாடி அரை நூற்றாண்டு கடந்த பின்பு! ஒதுக்கப்பட்டோரின் அமைப்புக்குள்ளும் ஒதுக்கப்பட்டோர் இருக்கலாம் என்பதே இதன் பாடம்.

இன்னொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. தோட்டத்துக்குள் பேச வாய் கிடைத்தவர்களுக்கு, நாட்டில் பேச இடமில்லாமற் போன அவலம் அது.

ஆகவே இன்று கம்பனிகளில் குழு அமைப்போர் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை விழா எடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்தால் போதாது. அந்தக் குழு கசப்பான ஒன்றை நிர்வாகத்திடம் சொல்ல முடிகிறதா? சொன்னால் பதில் வருகிறதா? குழுவுக்குள் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பேச இடமுண்டா? இம்மூன்றும் இல்லையென்றால், அது புதுப்பெயர் சூட்டிய கங்காணி முறையே.