கில்ட் கல்லிலிருந்து வாரச்சந்தை வரை: இணைய விளையாட்டுக் குழுக்களில் தலைமையின் சுமை

1997 செப்டம்பரில் வெளியான ‘அல்டிமா ஆன்லைன்’ என்னும் அமெரிக்க இணைய விளையாட்டில் புதிய குழுவொன்றை அமைக்க விரும்பியவர், அவ்விளையாட்டுலகில் ஒரு வீட்டுக்குள் கல்லொன்றை நிறுவ வேண்டியிருந்தது. அக்குழுவுக்குக் ‘கில்ட்’ என்று பெயர். ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் போன்ற இடைக்கால வணிகக் குழுக்களைக் குறிக்க வரலாற்றாசிரியர்கள் ஆளும் ஆங்கிலச் சொல்லும் இதுவே. குழுவின் பெயர், உறுப்பினர் பட்டியல், பகைக் குழுக்களோடு அறிவித்த போர் ஆகியவை அக்கல்லின் வழியாகவே கையாளப்பட்டன. ஒவ்வோர் உறுப்பினரும் தாம் யார் பக்கம் நிற்கிறார் என்பதை அங்கே அறிவிக்கலாம் என்பதால், தலைமை கைமாறுவதற்கான வழி விளையாட்டின் விதியிலேயே இருந்தது. பின்னர் வந்த விளையாட்டுகள் பல இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, குழுவின் அதிகாரத்தையும் அலுவலையும் ஒரே ஆளின் பெயரில் எழுதிவைத்தன. கில்ட் தலைவர்களின் சோர்வை அவரவர் நேரத்தைத் திட்டமிடத் தெரியாத குறையாகப் பேசுவதே வழக்கமாகிவிட்டது எனினும், அதன் வேர் பெரும்பாலும் இந்த விதிகளில்தான் இருக்கிறது.

1999 மார்ச்சில் வெளியான ‘எவர்குவெஸ்ட்’ இதற்குத் தெளிவான சான்று. நாகஃபென், வாக்ஸ் என்னும் இரு டிராகன்களே தொடக்க காலத்தில் அதன் பெரும் எதிரிகள். அவற்றை வீழ்த்தப் பலர் ஒன்றுதிரண்டு செல்லும் படையெடுப்பு ‘ரெய்டு’ எனப்பட்டது. ஒரு சர்வரில் உள்ள அனைவருக்கும் பொதுவாக ஒரே நாகஃபென்தான் உண்டு. கொல்லப்பட்ட டிராகன் மீண்டும் தோன்றச் சில நாள்கள் ஆகும். தோன்றியதும் எந்தக் கில்ட் முந்துகிறதோ அதற்கே பரிசு. ஆகவே எதிரி தோன்றிய செய்தியை உறுப்பினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, நள்ளிரவில்கூட அவர்களை எழுப்பும் பழக்கம் முன்னணிக் கில்டுகளில் வேரூன்றியது. தோற்றால் நிலைமை இன்னும் மோசம். இறந்தவரின் ஆயுதமும் கவசமும் அன்று அவருடைய சடலத்தோடு அங்கேயே கிடக்கும். குறித்த காலத்துக்குள் மீட்காவிட்டால் அனைத்தும் அழிந்துபோகும். விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டிய தலைவர், தாம் அழைத்துச் சென்ற பல பேரின் உடைமைகள் பகைவர் நடுவே கிடக்கையில் கணினியை அணைத்துவிட்டுப் படுக்க முடியாது என்பதை, அந்த விதியை வகுத்தவர்கள் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

போரைவிடப் பங்கீடே தலைவரை அதிகம் அரித்தது. டிராகனிடமிருந்து கிடைக்கும் ‘லூட்’, அதாவது வெற்றிப்பொருள், மிகச் சிலவே, கேட்போரோ பலர். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்களின் மனக்குறை தலைவரின் வாசலில் வந்து நின்றது. ‘ஆஃப்டர்லைஃப்’ என்னும் கில்டில் 1999இல் உருவான ‘டிராகன் கில் பாயின்ட்ஸ்’, சுருக்கமாக டி.கே.பி., இதற்கு ஒரு மாற்றைக் கண்டது. ரெய்டில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் புள்ளிகள் சேரும். சேர்த்த புள்ளிகளைச் செலவிட்டுப் பொருளைப் பெறலாம். இந்த முறையை நீதியான பங்கீடு என்று பாராட்டுவோர் பலர். ஆயினும் அதன் பெரும்பயன், தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தலைவரிடமிருந்து எடுத்துக் கணக்கேட்டிடம் கொடுத்ததே ஆகும். கணக்கேட்டை எழுதவும் ஒருவர் வேண்டியிருந்தது என்பது வேறு.

2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இந்த அமைப்பைப் பெருந்திரளிடம் கொண்டுசேர்த்தது. அங்கே தொடக்க காலத்தில் கில்ட் அமைக்கத் தலைவரைத் தவிர ஒன்பது பேரின் கையொப்பம் போதுமானதாக இருந்தது. ஆனால் ‘மோல்டன் கோர்’ என்னும் ரெய்டுக்கு நாற்பது பேர் வேண்டியிருந்தது. நாற்பது பேரைக் குறித்த நேரத்தில் திரட்ட இயலாத தனி ஒருவரின் இடத்தில், ரெய்டை நடத்துபவர், லூட் கணக்கைப் பார்ப்பவர், புதியவர்களைச் சேர்ப்பவர் எனப் பல ‘ஆஃபிசர்’ பதவிகள் நடைமுறையில் கிளைத்தன. பிறகு 2007 ஜனவரியில் வெளியான விரிவாக்கம், பெரிய ரெய்டுகளின் அளவை 25 ஆகக் குறைத்தது. அதற்கு முந்தைய படியாகிய ‘காராஷான்’ கோட்டைக்கோ பத்துப் பேர் மட்டுமே செல்ல முடிந்தது. நாற்பது பேரை ஈராண்டுகளாகக் கட்டிக்காத்த தலைவர், அவர்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பின்னர் அவர்களிலிருந்து இருபத்தைந்து பேரைத் தேர்ந்து, எஞ்சியவர்களிடம் வெளியே இருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நிறுவனம் மாற்றியது ஓர் எண்ணை. நட்பை முறித்துக்கொள்ளும் வேலை கில்ட் தலைவருக்கு வந்து சேர்ந்தது.

ஆய்வாளர் நிக் யீ 2006இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை விளையாட்டுகளை ஆடுவோர் சராசரியாக வாரத்துக்கு 22 மணி நேரம் செலவிடுவதாகக் கூறி, விளையாட்டே உழைப்பாக மாறுவதைச் சுட்டிக்காட்டியது. மேலாண்மைத் துறையினர் இதே உலகை வேறு கண்ணால் பார்த்தனர். 2008 மே மாத ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் பைரன் ரீவ்ஸ், தாமஸ் மலோன், டோனி ஓட்ரிஸ்கால் ஆகியோர் எழுதிய கட்டுரை, இணைய விளையாட்டுகளைத் தலைமைப் பண்பின் ஆய்வுக்கூடம் என்றது. அவற்றில் தலைமை என்பது நிலையான பதவியாக இல்லாமல் ஒரு பணிக்கென ஏற்று இறக்கிவைக்கும் பொறுப்பாக இருப்பதை அவர்கள் கவனித்தது கூர்மையானது. அந்தத் தலைவருக்குச் சம்பளமோ விடுப்போ இல்லை என்பது அத்தகைய எழுத்துகளில் அழுத்தம் பெறவில்லை.

பணிச்சோர்வு என்று தமிழில் வழங்கும் ‘பர்ன்அவுட்’ என்னும் கருத்தும் ஊதியமற்ற உழைப்போடு தொடர்புடையது. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் அச்சொல்லை உளவியல் கட்டுரையொன்றில் ஆண்டபோது, அவர் மனத்தில் இருந்தவர்களுள் நியூயார்க் இலவச மருத்துவமனையொன்றின் தன்னார்வலர்கள் முக்கியமானவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதைத் தொழில்சார் நிகழ்வு என்று வரையறுத்துப் பணியிடத்துக்கு மட்டும் உரியதாக்கியது. அந்த வரையறையின்படி கில்ட் தலைவருக்கு வருவது பணிச்சோர்வே ஆகாது. ஆனால் தன்னார்வலர்களிடம் ஃப்ராய்டன்பெர்கர் கண்டதற்கு அது மிக நெருக்கமானது.

ஒருவரே பல கில்டுகளைச் சுமக்கும் நிலைக்கும் தனி வரலாறு உண்டு. 2002இல் ஜப்பானில் வெளியான ‘ஃபைனல் ஃபேண்டஸி 11’, கில்டுக்குப் பதிலாக ‘லிங்க்ஷெல்’ என்னும் சிப்பியைத் தந்தது. அதன் முத்தை வைத்திருப்பவர் உறுப்பினர். ஒருவர் பல முத்துகளை வைத்திருக்கலாம், ஆனால் தொடக்க காலத்தில் ஒரு நேரத்தில் ஒன்றையே அணிய முடிந்தது. அரட்டைக்கு ஒன்று, பெரும்போருக்கு ஒன்று என வாழ்க்கை இவ்வாறு பிரிந்தது. 2012இல் வந்த ‘கில்ட் வார்ஸ் 2’ ஒரே கணக்கில் ஐந்து கில்டுகளில் சேர இடமளித்தது.

2014இல் வெளியான ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ அதே ஐந்தை வணிகமாக்கியது. அவ்வுலகில் அனைவருக்கும் பொதுவான ஏலச்சந்தை கிடையாது. குறைந்தது ஐம்பது பேர் கொண்ட கில்டே கடை வைக்க முடியும். அக்கடையை வெளியார் அணுக வேண்டுமானால் மோர்ன்ஹோல்ட் போன்ற நகரங்களில் ஒரு விற்பனையாளரை வாரந்தோறும் மறைமுக ஏலத்தில் எடுக்க வேண்டும். மற்றவர் என்ன விலை வைத்தார் என்பது தெரியாது. தோற்றால் அந்த வாரம் வாங்குவோர் கண்ணில் கடை படாமற்போகலாம். விற்பனை வரியில் ஒரு பங்கு கில்டுக்கு வந்தாலும் நல்ல இடத்தின் ஏலத்துக்கு அது போதாமையால், தலைவர்கள் வாரச் சந்தா, பரிசுச்சீட்டு, உள்ளேலம் என்று தங்கம் திரட்டினர். உறுப்பினர் வரம்பு 500 என்பதால், செழித்த கில்டுகள் இரண்டாவது, மூன்றாவது கில்டைத் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் தனி ஏலம், தனிக் கணக்கு. இத்தகைய கூட்டணிகளில் நீடித்தவை, ஒரே விதித்தொகுப்பையும் ஒரே ஆஃபிசர் குழுவையும் எல்லாக் கில்டுகளுக்கும் பொதுவாக்கி, கணக்கெழுதுதலைக் கூடுதல் மென்பொருளிடம் ஒப்படைத்தவையே. ஒரே நாளில் எல்லாக் கில்டுகளின் ஏலமும் முடிவடைந்ததால், அதற்குமேல் வேலையைப் பரப்பிக்கொள்ள அவற்றுக்கு வழியில்லை.

அதிகாரத்தைப் பகிர்வதிலும் அபாயம் இல்லாமல் இல்லை. ஐஸ்லாந்து நாட்டு விண்வெளி விளையாட்டாகிய ‘ஈவ் ஆன்லைன்’இல், பேராற்றல் கொண்டிருந்த ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ கூட்டணியை 2009 பிப்ரவரியில் அதன் இயக்குநர் ஒருவரே எதிரணிக்கு மாறிக் கலைத்தார். தலைவரின் சுமையைக் குறைக்கத் தரப்பட்ட உரிமையே அதற்குப் போதுமானதாக இருந்தது. மறு ஆண்டின் தொடக்கத்தில் அந்த எதிரணியாகிய ‘கூன்ஸ்வார்ம்’, ஆட்சியுரிமைக் கட்டணத்தை உரிய நாளில் யாரும் செலுத்தாததால் தன் நிலப்பரப்பை இழந்தது. முன்னதை வீழ்த்தியது பகிர்ந்த அதிகாரம் என்றால், பின்னதை வீழ்த்தியது ஓரிடத்தில் குவிந்து கிடந்த பொறுப்பு.

பிற்காலத்தில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஒரு சிறு விதியைச் சேர்த்தது. தலைவர் நெடுநாள் வராமற்போனால், உறுப்பினர் ஒருவர் அவருடைய இடத்தைக் கோரிப் பெறலாம். அல்டிமா ஆன்லைனின் கல்லில் அதற்கு முன்பே ஏறத்தாழ இப்படியொரு வாசல் இருந்தது.